வடதிசை வானில் ஓர் இரவு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் பேசுவதைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு, சுண்டல் பொட்டலத்தோடு வீடு திரும்புவதே நம் வழக்கம். இவ்வாண்டு நம்மையே மேடையேற்றிவிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் இருபதாண்டுகளுக்கு மேலாக எழுத்தர் பணி புரியும் நாம் இலக்கியம் பேச வல்லோம் அல்லோம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நார்வே நாட்டின் வடகோடியில் நாய்கள் இழுக்கும் வண்டியில் ஏறி, வடதுருவ ஒளி என்னும் காட்சியைக் காணச் சென்ற ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று செயலாளர் பணித்தார். அதனைச் சொல்லும்போது நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தாயாரிடமும் தங்கையிடமும் இசைவு பெற்றே அதனைச் சொல்கிறோம்.

நம் தங்கை மணமாகி ஓஸ்லோ நகரில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மைத்துனர் அங்கே கணிப்பொறிப் பொறியாளர். பயணச் செலவைத் தாமே ஏற்பதாகச் சொல்லி, “மச்சான், ஒருமுறை வந்துதான் பாருங்களேன்” என்று மூன்றாண்டுகளாக அழைத்தார். அலுவலகத்தின் இசைவுக் கடிதம் பெறுவதற்குள் ஒரு கோடைகாலம் கழிந்தது. எல்லாம் கைகூடிப் புறப்படும் நாளன்று நம் தாயார் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் அடுக்கிவிட்டுச் சொன்னார்: “பொடியைக் கொடுப்பது இருக்கட்டும். எப்போது ஊரோடு திரும்பி வரப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வா. தொலைபேசியில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.” நாம் சுமந்து சென்றவற்றுள் எடை மிகுந்தது அக்கேள்விதான். விமானத்தார் அதற்குக் கட்டணம் கேட்கவில்லை.

ஓஸ்லோவில் பத்து நாட்கள் கழிந்தன. நாள்தோறும் கேட்க எண்ணுவோம். தங்கை தோசை வார்த்துப் போடுவாள். கேள்வி தோசையோடு உள்ளே போய்விடும். பதினோராம் நாள் மைத்துனர் எல்லோரையும் டிரோம்ஸோ என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். ஒன்பதாண்டு அந்நாட்டில் வாழ்ந்தும் அவர்களே அதுவரை வடதுருவ ஒளியைக் கண்டதில்லையாம். அல்சூரில் இருந்துகொண்டு நம்மில் எத்தனை பேர் லால்பாக் மலர்க்காட்சியை ஆண்டுதோறும் பார்க்கிறோம்? அதுபோலத்தான்.

பெங்களூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பதின்மூன்று பாகையில் இருக்கிறது; டிரோம்ஸோ அறுபத்தொன்பது பாகைக்கும் அப்பால் இருக்கிறது. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்குக் கதிரவன் தலைகாட்டுவதே இல்லை. ஆயினும் அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் எட்டுவதால் துறைமுகம் உறைவதில்லை. இரயில்வேக்காரர் கண்ணுக்கு வேறொரு குறை தென்பட்டது. அவ்வூருக்கு இருப்புப்பாதையே இல்லை. நார்வேயின் வடக்கு இருப்புப்பாதை 1962-இல் போடோ என்னும் ஊரை எட்டியதோடு நின்றுவிட்டது. அதற்கும் வடக்கே நார்விக் துறைமுகத்தில் இரயில் உண்டு. ஆனால் அது இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சுவீடன் நாட்டின் வழியாக வருவது. இப்படியோர் ஊரில் நமக்கு வேலை கிடைக்காது என்று மைத்துனரிடம் சொன்னோம்.

அன்று மாலை எங்களைப் போன்ற பார்வையாளர் இருபது பேரை ஏற்றிச் செல்லப் பேருந்து ஒன்று வந்தது. ஒருவருக்கான கட்டணத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்தோம். அதன்பின் அப்பயணம் முழுவதும் எதையும் மாற்றிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். இவ்வளவு பணம் பெற்றுக்கொண்டும், ஒளி தோன்றும் என்று அவர்கள் உறுதி கூறுவதில்லை. நாய்வண்டி உறுதி, ஒளி காத்திருப்போர் பட்டியலில். நம் சாளரத்தின் முன் நின்று நம்மோடு வாதிட்ட பல்லாயிரம் பயணிகளை அன்றுதான் நாம் முழுமையாக மன்னித்தோம்.

பேருந்தில் நாம் தங்கை மகளிடம், “கையுறையைப் போடு கண்ணே” என்றோம். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அறுபது வயது மதிக்கத்தக்கவர். “தமிழே? எந்தப் பக்கம் நீங்கள்?” என்றார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. பெங்களூர் என்றோம். “அது கன்னட நாடெல்லோ? அங்கையும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?” என்று வியந்தார். 1809-இல் ஆங்கிலேயர் படைவீடு அமைத்த நாள்முதல் சிப்பாய்களாகவும், கொத்தர்களாகவும், வணிகர்களாகவும், பின்னர் ஆலைத் தொழிலாளராகவும் தமிழர் வந்து நிறைந்த கதையை, வண்டி பாலம் கடப்பதற்குள் நாம் சுருக்கிச் சொன்னோம்.

அவர் தம் கதையைச் சொன்னார். நார்வே நாட்டில் தமிழர் கதை 1956-இல் அந்தோணி இராஜேந்திரம் என்னும் யாழ்ப்பாணத்து இளைஞர் அங்குப் போய்ச் சேர்ந்ததோடு தொடங்குகிறது. அவர் மீன்பிடித் தொழில் கற்றார். 1967-இல் தம் மக்களுக்காக யாழ்ப்பாணத்தில் சீநோர் என்னும் மீன்பிடித் தொழில் நிறுவனம் தோன்றக் காரணமானார். அவர் காட்டிய வழியில் சிலர் படிக்கச் சென்றனர். 1983-ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின் பலர் உயிர் பிழைக்கச் சென்றனர். உள்நாட்டார் விரும்பாத மீன் பதப்படுத்தும் ஆலைகளின் வேலை, ஃபின்மார்க் என்னும் வடகோடிக் கரையோர ஊர்களில் அவர்களுக்குக் கிடைத்தது. நம் ஓட்டுநர் 1987-இல் வந்தவர். பதினோராண்டு மீன் வெட்டியவர்.

“வேலைக்குப் போகேக்கையும் இருட்டு, வரேக்கையும் இருட்டு. மேலை பச்சையாய் எரியும். ஆர் அண்ணாந்து பாத்தது? கை முழுக்க மீன் வாடை. வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம் எண்ட யோசினை. இப்ப சனம் காசு குடுத்துப் பாக்க வருகுது, நான் கொண்டுவந்து விடுறன்” என்று சொல்லிச் சிரித்தார்.

தாய் தந்தையரைப் பின்னர்ப் பார்த்தீரோ என்று கேட்டோம். கேட்டிருக்க வேண்டியதில்லை. “ஏ-ஒன்பது பாதை 2002-இலை திறந்தாப் பிறகுதான் போனனான். பதினைஞ்சு வருசம். அம்மாவுக்குக் கண் தெரியேல்லை. என்ரை குரலைக் கேட்டுத்தான் மட்டுக்கட்டினவ” என்றார். பின் இருக்கையில் இருந்த நம் தங்கை சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே பார்ப்பதற்கு இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

திமிங்கிலத் தீவு என்று பொருள்படும் குவாலோயா என்னும் தீவில் நாய்ப்பண்ணை இருக்கிறது. இறங்கியதும் தடித்த மேலுடையும் காலணியும் கொடுத்தார்கள். குளிர் பூச்சியத்திற்குக் கீழே பதினான்கு பாகை. நாய்களைக் கண்டதும் நமக்குச் சிறிது ஏமாற்றமே. படங்களில் வரும் ஓநாய் போன்ற பெரு நாய்களை எதிர்பார்த்துச் சென்றோம். நம் அல்சூர்ச் சந்தைத் தெருவில் படுத்திருப்பவற்றைப் போல மெலிந்து, பல நிறத்தில், கலப்பு இனமாக அவை இருந்தன. அலாஸ்கா ஹஸ்கி என்பது தூய இனம் அன்று. ஓட்டத்திற்கென்றே பல இரத்தம் கலந்து வளர்த்தது என்று வழிகாட்டியாகிய இளம்பெண் விளக்கினார். குளிர் மிகுந்தால் அவற்றிற்கு மகிழ்ச்சி. வெயில் சற்று ஏறினால் சோர்ந்துவிடுமாம். நமக்கு நேர்மாறு.

ஒரு வண்டிக்கு ஆறு நாய்கள், இரண்டிரண்டாக. முன்னிற்பவை வழி அறிந்தவை. ஓட்டுபவர் குரல் கேட்டு வலமும் இடமும் திரும்புபவை. வண்டியை ஒட்டி நிற்பவை வலிமை மிகுந்தவை. மாட்டுவண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பதுபோலப் பிடிக்க இங்கே கயிறு இல்லை. குரல் ஒன்று, காலால் மிதிக்கும் தடை ஒன்று, நிறுத்தும்போது பனியில் குத்தும் இரும்புக் கொக்கி ஒன்று, இவ்வளவே கருவி. “வண்டி கவிழ்ந்தாலும் கைப்பிடியை விடாதீர்கள். விட்டால் நாய்கள் உங்களைத் தேடித் திரும்பி வரமாட்டா” என்று வழிகாட்டி மூன்று முறை சொன்னார்.

சேணம் பூட்டியதும் நாய்கள் எழுப்பிய ஓலம் இருக்கிறதே, தீபாவளிக்கு முந்திய நாள் கண்டோன்மெண்ட் நிலையத்தில்கூட அத்தகைய இரைச்சலை நாம் கேட்டதில்லை. துள்ளுகின்றன, கயிற்றைக் கடிக்கின்றன, எங்களை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று வானத்தை நோக்கி முறையிடுகின்றன. கொக்கியை எடுத்த கணத்தில் அவ்வளவும் அடங்கியது. அதன்பின் கேட்டது இருபத்துநான்கு கால்கள் பனியில் படும் மெல்லொலியும், சறுக்குக் கட்டையின் சரசரப்பும் மட்டுமே. தங்கை வண்டியில் அமர்ந்திருந்தாள். நாம் பின்னால் நின்று ஓட்டினோம். ஓட்டினோம் என்பது அவையடக்கமில்லாத சொல். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம். இறக்கத்தில் தடையை மிதித்தோம். மற்றவற்றை நாய்கள் பார்த்துக்கொண்டன.

இந்நாய்களின் உழைப்பால் மனிதன் அடைந்தது சிறிதன்று. 1925-ஆம் ஆண்டு ஜனவரியில் அலாஸ்காவின் நோம் என்னும் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைப் பற்றியது. மருந்தை நெனானா என்னும் நிலையம் வரை இரயில் கொண்டு சேர்த்தது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. அங்கிருந்து ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தொலைவை, இருபது ஓட்டுநர்களும் சுமார் நூற்றைம்பது நாய்களும் அஞ்சல் ஓட்டமாகக் கைமாற்றி, ஐந்தரை நாட்களில் கடந்து மருந்தைச் சேர்த்தார்கள். அதற்கு முன், 1911 டிசம்பர் 14-ஆம் நாள் தென்துருவத்தை முதலில் எட்டிய நார்வேக்காரர் அமுண்ட்சன் சென்றதும் நாய்வண்டியில்தான். அவர் ஐம்பத்திரண்டு நாய்களோடு புறப்பட்டுப் பதினொன்றோடு திரும்பினார். எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை வழியில் கொல்லப்பட்டு, மற்ற நாய்களுக்கும் மனிதருக்கும் உணவாயின. அது முன்கூட்டியே வகுத்த திட்டம். வெற்றியைப் பாடும் நூல்கள் இவ்விடத்தை மெல்லத் தாண்டிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒரு மணி நேரம் ஓடியபின் மலைச்சரிவில் வண்டிகளை நிறுத்தி, தலைவிளக்குகளை அணைக்கச் சொன்னார் வழிகாட்டி. வானில் விண்மீன்கள் இருந்தன, வேறொன்றும் இல்லை. காத்திருந்தோம். காத்திருந்த நேரத்தில் நாம் எண்ணியவற்றை இங்கே சொல்லிவிடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் பலர் வந்திருக்கிறார்கள் அல்லவா?

கதிரவனிடமிருந்து ஒளி மட்டுமன்று, மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களும் ஓயாமல் வீசுகின்றன. பூமி ஒரு காந்தம். அக்காந்தம் அத்துகள்களைத் தடுத்துத் திருப்புகிறது. ஆனால் காந்தப் புலத்தில் சேர்ந்த ஆற்றலால் உந்தப்பட்ட துகள்கள் இரு துருவங்களின் பக்கமாகக் காற்று மண்டலத்தில் பாய்கின்றன. நூறு கிலோமீட்டருக்கு மேல், காற்று மிக மெலிந்த உயரத்தில், உயிர்வளி அணுக்களோடு மோதினால் பச்சை. இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே மோதினால் சிவப்பு. கீழ் விளிம்பில் நைட்ரஜன் ஊதா. நார்வே அறிஞர் பிர்க்கலாந்து 1899-இல் ஆல்டா என்னும் ஊருக்கருகே மலையுச்சியில் இதற்கென்றே ஆய்வகம் அமைத்தார். பின்னர்க் கண்ணாடிப் பெட்டியொன்றில் காற்றை நீக்கி, உள்ளே காந்த உருண்டையைத் தொங்கவிட்டு, செயற்கையாகவே இவ்வொளியை உண்டாக்கிக் காட்டினார்.

இவ்வொளிக்கும் கம்பித்தந்திக்கும் ஓர் உறவு உண்டு. 1859 செப்டம்பர் தொடக்கத்தில் கதிரவனில் எழுந்த புயல் பூமியைத் தாக்கியபோது, அமெரிக்காவில் பாஸ்டன், போர்ட்லாந்து நிலையங்களின் தந்தி எழுத்தர்கள் மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வானொளி கம்பியில் எழுப்பிய மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி பரிமாறினார்கள். எழுத்தர் குலத்துக்குப் பெருமை சேர்த்தவர்கள்! அதே புயலைப் பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானியும் பதிவு செய்தது. 1872 பிப்ரவரி 4-ஆம் நாள் இவ்வொளி பம்பாயிலேயே தென்பட்டதாகவும் குறிப்பு உண்டு.

தொலைதூரம் போவானேன்? நம் கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. சென்னையில் 18-ஆம் நூற்றாண்டில் தோன்றிய வானாய்வகமே பின்னர்க் கோடைக்கானலுக்கும், அதன்பின் பெங்களூருக்கும் வந்து சேர்ந்து இந்நிறுவனமாயிற்று. அதுவும் நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்ததே. லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் அவர்களுக்கு ஆய்வகம் உண்டு. 2024 மே 10, 11 நாட்களில் இருபதாண்டுகளில் காணாத கதிரவப் புயல் வீசியபோது, ஹான்லேயின் வானம் சிவந்ததை அங்குள்ள கருவிகள் படம் பிடித்தன. கதிரவனை ஆராய 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஆதித்யா விண்கலத்தின் முதன்மைக் கருவியைச் செய்ததும் இந்நிறுவனமே. அத்திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அம்மையார்.

இனி மலைச்சரிவுக்கு வருவோம். வடக்கே மெல்லிய மேகம் போல ஒரு சாம்பல் கீற்று நீண்டிருந்தது. அதுதான் ஒளி என்றார் வழிகாட்டி. இதற்காகவா இத்தனை பணம் என்று நம் எழுத்தர் மனம் கணக்கிட்டது. கால் மணி நேரம் சென்றிருக்கும். அக்கீற்று பச்சையாயிற்று. யாரோ ஒரு முனையைப் பிடித்து உதறியதுபோல, வான் முழுவதும் ஒரு திரை விரிந்து மடிந்தது. மடிப்பின் கீழ்க்கரையில் ஊதாச் சரிகை ஓடி மறைந்தது. காஞ்சிபுரத்துச் சேலையைக் கடைக்காரர் விசிறிப் போடுவாரே, அதை நினைத்தோம். ஓசை சிறிதும் இல்லை. அந்நிலத்தின் பழங்குடியாராகிய சாமி மக்கள், கேட்கக்கூடிய ஒளி என்று பொருள்படும் பெயரால் இதனை அழைக்கிறார்கள். இதனை நோக்கிச் சீழ்க்கை அடிக்கலாகாது என்பதும் அவர்கள் நம்பிக்கை. தங்கை மகள் இதைக் கேட்டுவிட்டு, மாமா சீழ்க்கை அடித்துவிடுவாரோ என்று நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாய்கள் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. பனியில் சுருண்டு படுத்துவிட்டன.

அப்போதுதான் தங்கை கேட்டாள்: “அண்ணா, அம்மா உன்னிடம் என்ன சொல்லி அனுப்பினாங்க?”

இருட்டில் முகம் தெரியவில்லை. தெரியாததால் சொல்ல முடிந்தது. தாயார் சொன்னபடியே, கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னோம்.

நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “வருவோம் என்று சொன்னால் அம்மா அதை நம்பிக் காத்திருப்பாங்க. வரமாட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் பேச்சை மாற்றுகிறேன். வீட்டுக் கடன் இருபது வருஷம் இருக்கிறது. குழந்தை தூக்கத்தில் உளறுவதுகூட இந்த ஊர் பாஷையில். ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறையில், ஒரு மாதம் முழுதாக வருகிறேன். நான் பொய்யில்லாமல் சொல்லக்கூடியது அவ்வளவுதான் அண்ணா.”

நமக்குச் சினம் வந்தது, மறைப்பானேன்? முழங்கால் வலியோடு படியேறும் தாயாரின் முகம் கண்முன் நின்றது. கடுஞ்சொல் ஒன்று நாவின் நுனிக்கு வந்தது. அந்நேரத்தில் நம் பாட்டனார் நினைவும் சேர்ந்தே வந்தது. ஜோலார்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூர்க்காரர் அவர். 1864-இல் திறந்த அதே தடத்தில் வந்து இந்தக் கண்டோன்மெண்டில் இறங்கியவர். தொலைவு 140 கிலோமீட்டர்தான். தீபாவளிக்கு வருகிறேன் என்று தம் தாயாரிடம் சொல்லிவிட்டு மூன்று தீபாவளி போகாதிருந்தார் என்பது நம் குடும்பத்தில் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கதை. அக்கிழவி சிரித்தாளா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டோம்.

திரும்பும்போது தங்கை ஓட்டினாள், நாம் அமர்ந்துகொண்டோம். நன்றாகவே ஓட்டினாள். பண்ணையில் கூம்புக் கூடாரத்தினுள் தீ மூட்டிக் கலைமான் இறைச்சிக் குழம்பு பரிமாறினார்கள்; நமக்குக் காய்கறிச் சாறு. உப்புக் குறைவு. பேருந்தை விட்டு இறங்கும்போது ஓட்டுநர் நம் கையைப் பற்றிக்கொண்டு, “அம்மா இருக்கிறாவோ?” என்று கேட்டார். இருக்கிறார் என்றோம். “அப்ப சரி” என்றார்.

ஊர் திரும்பியதும் தாயாரிடம் நாய்களின் கதையைச் சொன்னோம்; ஒளிப்படத்தைக் காட்டினோம். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓரத்தில் நின்ற மகளின் உருவத்தை விரலால் பெரிதாக்கி, “இளைத்திருக்கிறாளா, உடை அப்படியா?” என்று கேட்டார். மூன்றாம் நாள்தான் மற்றதைச் சொன்னோம். ஒரு பகல் முழுவதும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. மாலையில் விளக்கேற்றியபின், “அங்கே பள்ளி விடுமுறை எப்போது?” என்றார். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை என்றோம். “ஜூனில் இங்கே மழை பிடித்துக்கொள்ளும், வடாம் காயாதே” என்றார்.

ஆகவே இச்சித்திரை வெயிலிலேயே நம் வீட்டு மொட்டைமாடியில் வடாமும் வற்றலும் காய்கின்றன. அலுவலகம் இல்லாத நாட்களில் காக்கை விரட்டும் பணி நம்முடையது. இன்று இங்கு வர ஒரு மணி நேர அனுமதியே கிடைத்தது, அதுவும் முடிந்துவிட்டது. விடைபெறுகிறோம்.